பத்திரமான தொகுதி யாருக்குப் பத்திரம்?

(திருவொற்றியூரில் ஒரு படிப்பகத்தில், ஆலைத் தொழிலாளர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் மீஞ்சூர் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை.)

தோழர்களே,

இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன விஷயம் வேறு. அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, போன வாரம் ஒரு இளந்தோழர் என்னைக் கேட்ட கேள்விக்கு இங்கே பதில் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கேள்வி அவர் ஒருவருடையதல்ல என்று எனக்குப் படுகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்திருந்தார் அந்தப் பிள்ளை. வயது இருபத்து நாலு. காண்டிராக்டில் வேலை. கையிலிருந்த செல்போனை என் பக்கம் நீட்டினார்.

"தோழர், இது அமெரிக்காவுல ஒரு எம்.பி. தொகுதியாம். இந்தக் கட்சி ஆளு ஜெயிப்பாருன்னு 96 போவுது. பத்திரமான தொகுதி, மாறவே மாறாதுன்னு எழுதியிருக்கு. போட்டா துட்டு வந்துரும் இல்ல?"

"ஏற்கெனவே ஏதாவது போட்டாயா?" என்று கேட்டேன்.

"இதுல இன்னும் போடல. கிரிக்கெட்டுல போட்டேன். அரை மாசக் கூலி போயிருச்சு. அதைத் திரும்ப எடுக்கணும். அதான் நிச்சயமானதாப் பார்த்துத் தேடுறேன்."

நான் வேறொரு கேள்வி கேட்டேன். "அது கிடக்கட்டும். போன எலெக்ஷனில் நீ வோட்டுப் போட்டாயா?"

பிள்ளை சிரித்துவிட்டார். "நம்ம தொகுதி ரேட்டுதான் தெரிஞ்சதாச்சே தோழர். எப்படியும் அவங்கதான். அதுக்கு எதுக்கு ஒரு நாள் கூலியை விடறது?"

தோழர்களே, இந்த இரண்டு பதிலையும் சேர்த்துப் பாருங்கள். கடல் கடந்த தொகுதியின் பேரில் பணம் கட்டத் தயார். சொந்தத் தொகுதியில் வோட்டுப் போட மனமில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். "முடிவு முன்பே தெரிந்துவிட்டது" என்ற எண்ணம். இந்த எண்ணம் சரியா, தவறா, இதனால் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சீட்டுக் கணக்கு

முதலில் அந்த 96 என்றால் என்ன என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கீழ்ச்சபைக்கு 435 உறுப்பினர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல். இந்த 435-ல் பெரும்பாலான தொகுதிகளில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது வோட்டுப் பெட்டி திறப்பதற்கு முன்பே தெரியும். காரணம் இரண்டு. ஒரு கட்சியை ஆதரிக்கும் ஜனங்கள் ஒரே பகுதியில் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பது ஒன்று. பல மாகாணங்களில் தொகுதியின் எல்லைக்கோட்டை அந்த மாகாணச் சட்டசபையே வரைகிறது என்பது மற்றொன்று. அங்கே எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அந்தக் கட்சி தனக்கு வசதியாகக் கோட்டை வளைத்து நெளித்து இழுத்துக்கொள்கிறது. இப்படி உண்டான தொகுதிகளைத்தான் பத்திரமான தொகுதி என்கிறார்கள்.

இந்தத் தேர்தல் முடிவுகளின் பேரில் சீட்டு விற்கிற கம்பெனிகள் அங்கே இருக்கின்றன. கல்ஷி, பாலிமார்க்கெட் என்று பெயர்கள். ஒரு சீட்டை 100 ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். "இன்னார் ஜெயிப்பார்" என்ற சீட்டை வாங்குகிறீர்கள். அவர் ஜெயித்தால் 100 ரூபாய் கிடைக்கும். தோற்றால் சீட்டு குப்பைக்காகிதம். இன்று அந்தச் சீட்டு 96 ரூபாய்க்கு விற்கிறது என்றால், "அவர் ஜெயிக்க நூற்றுக்கு 96 வாய்ப்பு" என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள்.

எழுதட்டும். நாம் நம் கூலிக் கணக்குப் போலக் கணக்குப் போடுவோம்.

96 ரூபாய் கட்டினால் லாபம் 4 ரூபாய். தோற்றால் நஷ்டம் 96 ரூபாய். இப்படிப் பத்திரமான தொகுதிகளாகப் பார்த்து 25 தொகுதிகளில் ஒவ்வொரு சீட்டு வாங்குகிறீர்கள். முதல் 2,400 ரூபாய். இருபத்தைந்தும் ஜெயித்தால் 2,500 வரும். ஆறு மாதம் பணத்தை முடக்கி வைத்ததற்கு 100 ரூபாய். ஒரே ஒரு தொகுதி கவிழ்ந்தால் 2,400 வரும், லாபம் பூஜ்யம். இரண்டு கவிழ்ந்தால் கைமுதலில் 100 ரூபாய் போச்சு. கம்பெனி எடுக்கும் கமிஷனை நான் இன்னும் கழிக்கவில்லை. இதுதான் "நிச்சயமான" பந்தயம்!

சரி, எதிர்ப்பக்கத்துச் சீட்டு? அது 4 ரூபாய். ஜெயித்தால் 100. ஏழையின் கண்ணுக்கு இதுதான் இனிப்பாகத் தெரியும். நாலு ரூபாய்க்கு நூறு! ஆனால் நிஜத்தில் அந்த ஆள் ஜெயிக்க நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நூறு சீட்டு வாங்கினால் முதல் 400, திரும்புவது 100, போனது 300.

அப்படியானால் அந்தச் சீட்டு ஒரு ரூபாய்க்கு அல்லவா விற்க வேண்டும், ஏன் நாலு ரூபாய்க்கு விற்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதை ஒரு ரூபாய்க்கு இறக்க வேண்டுமானால், பெரும்பணக்காரன் எவனாவது மறுபக்கத்தில் பணத்தைக் கொட்டி 96-ஐ 99-ஆக ஏற்ற வேண்டும். மூன்று ரூபாய் லாபத்துக்காக அவன் மாதக்கணக்கில் பணத்தைப் பூட்டி வைப்பானா? அவனுக்கு வேறு வியாபாரம் இருக்கிறது. ஆகவே விலை அங்கேயே நிற்கிறது. நாலு ரூபாய்ச் சீட்டை வாங்க அதிர்ஷ்டத்தை நம்பும் ஜனங்களும் எப்போதும் இருக்கிறார்கள். நம் நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்ற கதைதான். அதைத் தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் தடை செய்தார்கள். எத்தனை வீட்டு உலைமூடி அதில் போயிற்று என்று நம் தாய்மார்களைக் கேளுங்கள்.

ஆகவே, தோழர்களே, பத்திரமான தொகுதியின் விலை என்பது ஜனங்களின் மனத்தை அளந்த தராசு முள் அல்ல. எவ்வளவு பணம் எந்தப் பக்கத்தில் முடங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் புள்ளி.

விலையை வைப்பது யார்?

"லட்சக்கணக்கான பேர் பணம் கட்டுகிறார்கள், அத்தனை பேர் அபிப்பிராயமும் சேர்ந்த விலை அது, தப்பாகுமா?" என்று சொல்பவர்கள் உண்டு.

2024-ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நடந்தது. பாலிமார்க்கெட்டில் அந்த ஒரு தேர்தலின் பேரில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் பணம் கை மாறியது. அதில் ஒரே ஒரு பிரெஞ்சுக்காரர், பல கணக்குகளைத் திறந்து, கோடிக்கணக்கான டாலரை டிரம்ப் ஜெயிப்பார் என்று கட்டினார். விலை நகர்ந்தது. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் "சந்தை டிரம்ப் பக்கம் சாய்ந்துவிட்டது" என்று எழுதின.

அவர் தோற்றார் என்று சொல்லி நான் உங்களைத் திருப்திப்படுத்த மாட்டேன். அவர் ஜெயித்தார். பெரும்பணம் எடுத்தார். எப்படி? தன் சொந்தச் செலவில் தனியாகக் கருத்துக்கணிப்பு நடத்திப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினார். இதில்தான் பாடம் இருக்கிறது. ஆள் வைத்து நாட்டைக் கணக்கெடுக்கப் பணம் உள்ளவன் ஒரு பக்கம். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் செல்போனைப் பார்த்து ஊகிக்கிறவன் மறுபக்கம். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஆடினால் யார் பணம் யாரிடம் போகும்?

சட்டம் இதை அங்கே தடுக்கவில்லையா? தடுக்கப் பார்த்தது. பருத்தி, கோதுமை, எண்ணெய் முதலிய சரக்குகளின் முன்பேர வியாபாரத்தைக் கண்காணிக்க அமெரிக்க சர்க்காரின் ஆணையம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பார்லிமெண்ட் எந்தக் கட்சி கைக்குப் போகும் என்பதன் பேரில் சீட்டு விற்க கல்ஷி கம்பெனி அனுமதி கேட்டது. 2023 செப்டம்பரில் ஆணையம் மறுத்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2024 செப்டம்பரில் கம்பெனியின் பக்கம் தீர்ப்பு. அப்பீல் கோர்ட்டும் அக்டோபர் 2-ல் தடை விதிக்க மறுத்தது. ஒரு மாதத்தில் தேர்தல். வியாபாரம் அமோகமாக நடந்தது.

கவனியுங்கள்: பருத்தி மூட்டையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் முன்னால்தான் ஜனங்களின் வோட்டும் போய் நின்றது. வோட்டு ஒரு சரக்காகிவிட்டது.

காட்டன்

பருத்தி என்றதும் நம் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு சொல் ஞாபகம் வந்திருக்கும். காட்டன். துணியைச் சொல்லவில்லை, சூதாட்டத்தைச் சொல்கிறேன்.

அதற்கு ஏன் அந்தப் பெயர்? பம்பாயில் ஒரு காலத்தில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் வரும். அந்த எண்களின் பேரில் பந்தயம் கட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அது நின்றது. சூதாட்டம் நிற்கவில்லை. குடத்திலிருந்து சீட்டு எடுத்து எண் சொன்னார்கள். குடத்துக்கு அங்கே மட்கா என்று பெயர். நம் பக்கத்தில் பழைய பெயரே தங்கிவிட்டது.

என் தகப்பனார் ஆலைத் தொழிலாளி. நூல் இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடுவார். சம்பள நாளன்று தெருமுனையில் நிற்கும் ஒருவரிடம் காகிதத் துண்டில் ஓர் எண் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "இன்றைக்கு நிச்சயம்" என்பார். ஒரு தடவை ஜெயித்தார். எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கி வந்தார். அதற்கு முன்னும் பின்னும் போனதற்கு என் தாயார் கணக்கு வைத்திருந்தார். அடகுக் கடைச் சீட்டுகளைக் கட்டி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதுதான் கணக்கு.

பஞ்சை நூலாக்கியது அவர் கை. பஞ்சின் பெயரால் அவர் கூலியைப் பறித்தது வேறு கை. கடைசி நாளில் அவரே என்னிடம் சொன்னார்: "எண்ணு எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நாளும் கேக்கலடா." அந்தக் கேள்வியை இன்று நாம் கேட்க வேண்டும். 96 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

இந்திய நாட்டிலும் இந்த வியாபாரம் இல்லாமலில்லை. ராஜஸ்தானத்தில் பலோடி என்று ஓர் ஊர். தேர்தல் வந்தால் அந்த ஊர்ச் சூதாட்டச் சந்தையின் விலையைப் பத்திரிகைகள் செய்தியாகவே போடும். சட்டவிரோதமான தொழில்; செய்தி மட்டும் பகிரங்கம்! 2024 பார்லிமெண்ட் தேர்தலில் பா.ஜ.க.வுக்கு மட்டும் 300 இடம் அளவில் பலோடியில் விலை சொன்னதாகச் செய்தி வந்தது. தொலைக்காட்சிகளின் கணிப்புகளோ கூட்டணிக்கு 350-க்கு மேல், 400 வரை என்றன. அதை நம்பி ஜூன் 3-ஆம் தேதி பம்பாய்ப் பங்குச் சந்தைக் குறியீடு 2,500 புள்ளி ஏறியது. 4-ஆம் தேதி பெட்டி திறந்தது. பா.ஜ.க.வுக்கு 240. அன்றைக்கு ஒரே நாளில் குறியீடு 4,390 புள்ளி விழுந்தது. முந்தின நாள் உச்சியில் விற்றவன் ஜெயித்தான். வாங்கியவன் தலையில் கை வைத்தான்.

செல்போனில் "ஆமாம்", "இல்லை" என்று பந்தயம் கட்டும் கம்பெனிகள் நம் நாட்டிலும் முளைத்தன. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, இதில் பணம் போடுபவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்று 2025 ஏப்ரலில் எச்சரித்தது. அதே வருஷம் ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து பார்லிமெண்ட் சட்டம் போட்டது. நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். தமிழ்நாடு சட்டசபையும் அதற்கு முன்பே, கவர்னர் திருப்பி அனுப்பிய மசோதாவை 2023 மார்ச்சில் மறுபடியும் நிறைவேற்றிச் சட்டமாக்கியது. நல்லதுதான். ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். "முடிவு தெரிந்ததுதானே" என்ற எண்ணத்தை எந்தச் சட்டமும் மூடாது. அது நம் வேலை.

நம் தொகுதிகளின் கதை

இப்போது நம் ஊருக்கு வருவோம். "நம்ம தொகுதி ரேட்டு தெரிஞ்சதுதானே" என்றாரே அந்தப் பிள்ளை, அது உண்மையா?

பாதி உண்மை. வடசென்னை பார்லிமெண்ட் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் 2024 வரை நடந்த தேர்தல்களில் 2014 நீங்கலாக எல்லாவற்றிலும் தி.மு.க.தான் ஜெயித்தது. 2019-ல் வித்தியாசம் நாலரை லட்சத்துக்கு மேல். 2024-ல் மூன்று லட்சத்துக்கு மேல். இப்படிப்பட்ட இடத்தில் யார் சீட்டு விற்றாலும் 96 என்றுதான் விற்பான். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்யும். இதை மறுத்துப் பேசினால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம்.

மறுபாதியைப் பாருங்கள். ராயபுரம். அங்கே அ.தி.மு.க.வின் டி.ஜெயக்குமார் 1991-ல் ஜெயித்தார். 2001, 2006, 2011, 2016 என்று நாலு தடவை தொடர்ந்து ஜெயித்தார். சபாநாயகராக இருந்தார், மந்திரியாக இருந்தார். இருபது வருஷம் கையில் வைத்திருந்த தொகுதி. 2021-ல் 27,779 வோட்டு வித்தியாசத்தில் தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தியிடம் தோற்றார்.

பக்கத்திலேயே ஆர்.கே.நகர். 2015 ஜூன் 27-ல் இடைத்தேர்தல். முதலமைச்சர் ஜெயலலிதா வேட்பாளர். தி.மு.க. முதலிய கட்சிகள் போட்டியிடவில்லை. எதிர்த்து நின்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர் சி.மகேந்திரன். ஜெயலலிதாவுக்கு 1,60,432 வோட்டு. மகேந்திரனுக்கு 9,710. ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம், டெபாசிட் போயிற்று. இதைவிடப் பத்திரமான தொகுதி உலகத்தில் உண்டா?

பதினோரு மாதம் கழித்து, 2016 மே மாதம், அதே தொகுதியில், அதே ஜெயலலிதா. இந்தத் தடவை தி.மு.க. எதிரில் நின்றது. வித்தியாசம் 39,545-க்கு இறங்கியது. ஒன்றரை லட்சம் எங்கே போயிற்று? எதிரில் ஆளில்லாத பலம் அது. எதிரில் ஆள் நின்றதும் குறைந்துவிட்டது.

ஜெயலலிதா காலமான பிறகு அங்கே 2017 ஏப்ரல் 12-ல் இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். 7-ஆம் தேதி வருமான வரி அதிகாரிகளின் சோதனை. வோட்டர்களுக்கு 89 கோடி ரூபாய் பங்கிட்ட கணக்குக் காகிதங்கள் சிக்கியதாகச் செய்தி வந்தது. 9-ஆம் தேதி இரவு தேர்தல் கமிஷன் தேர்தலையே ரத்து செய்தது. அமெரிக்காவில் முடிவுக்கு விலை. இங்கே வோட்டுக்கே விலை! மறுபடி டிசம்பர் 21-ல் தேர்தல். டி.டி.வி.தினகரன் சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் நின்றார். அவருக்கு 89,013. ஆளுங்கட்சிக்கு 48,306. தி.மு.க.வுக்கு 24,651, டெபாசிட் இல்லை. அந்தத் தேர்தலிலும் பணப் புகார் பலமாக எழுந்தது. அதை நான் மறைக்கவில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இரண்டரை வருஷத்துக்குள் ஒரே தொகுதி, ஒரே தெருக்கள், ஒரே ஜனங்கள், மூன்று விதமான முடிவு.

காமராஜர் 1967-ல் விருதுநகரில் தோற்றார். இந்திரா காந்தி 1977-ல் ரேபரேலியில் தோற்றார். ஜெயலலிதா 1996-ல் பர்கூரில் தோற்றார். பத்திரமான தொகுதி என்று ஒன்று இருக்கிறது; ஜனங்கள் அதை மாற்றத் தீர்மானிக்கும் வரையில் இருக்கிறது.

பத்திரம் யாருக்கு?

அதைவிடப் பெரிய கேள்வி வேறு. பத்திரமான தொகுதி என்கிறார்களே, யாருக்குப் பத்திரம்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஜனங்களுக்கு அது பத்திரமான தொகுதியா?

வேட்பாளருக்குத்தான் பத்திரம். இழுபறியான தொகுதியில் வேட்பாளர் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா, கூலி எவ்வளவு, பட்டா கிடைத்ததா என்று கேட்பார். ஜெயிப்பது நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஜெயிக்கிறவருக்கும் நம் வோட்டு அவசியமில்லை. தோற்கிறவருக்கும் நம் வோட்டில் நம்பிக்கையில்லை. நாமே வோட்டுப் போடாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த விலை 96-லிருந்து 99 ஆகும். நம்மைத் தேடி வருகிறவர் இன்னும் குறைவார்.

2015-ல் அந்த இடைத்தேர்தலுக்கு நானும் நோட்டீஸ் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். காசிமேட்டில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு தாயார் என்னைக் கேட்டார்: "இன்னா தம்பி, உங்க ஆளு ஜெயிச்சிருவாரா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஜெயிக்க மாட்டாரும்மா" என்றேன்.

"அப்ப எதுக்கு வெயில்ல அலையற?"

"ஜெயிக்கிறவங்க பெட்டியைத் திறக்கும்போது இத்தனை பேர் இன்னது வேணும்னு கேட்டாங்கன்னு தெரியணும் இல்லம்மா. அதுக்குத்தான்."

தாயார் நோட்டீஸை வாங்கி ஈரக் கையால் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். யாருக்கு வோட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்த 9,710-ல் அவரும் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த 9,710 பேரையும் முட்டாள்கள் என்று சொல்ல எந்தப் பந்தயக்காரனுக்கும் உரிமை கிடையாது. முடிவு தெரிந்திருந்தும் போய் வரிசையில் நின்றார்கள். ஜெயலலிதாவுக்குப் போட்டவர்களும் அப்படித்தான். தங்கள் விருப்பத்தைச் சொல்ல நின்றார்கள். வோட்டு என்பது யார் ஜெயிப்பார் என்று ஊகம் சொல்லும் சீட்டு அல்ல. எனக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் சீட்டு. இந்த வித்தியாசம் மறந்துபோகிற நாளில்தான் வோட்டர் பந்தயக்காரனாக மாறுகிறான்.

அமெரிக்காவிலிருந்தே ஒரு சாட்சி சொல்கிறேன். நியூயார்க் நகரத்தின் 14-ஆவது தொகுதி ஜனநாயகக் கட்சிக்கு அசைக்க முடியாத கோட்டை. ஜோசப் குரோலி பத்துத் தடவை ஜெயித்தவர். கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவர். அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவும் கட்சி வோட்டர்களிடையே முதலில் ஒரு தேர்தல் உண்டு. 2018 ஜூன் 26-ல் அந்தத் தேர்தலில் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் அவரைத் தோற்கடித்தார். பெயர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். மதுக்கடையில் பரிமாறும் வேலை செய்தவர். குரோலியிடம் இருந்த பணத்தில் சிறு பங்குகூட அவரிடம் இல்லை. வீடு வீடாகப் போனார்கள். நவம்பர் தேர்தலில் வழக்கம்போல அந்தக் கட்சிதான் ஜெயித்தது. கட்சியின் பேரில் சீட்டு வாங்கியவனுக்கு நாலு ரூபாய் லாபம் கிடைத்திருக்கும். ஆனால் ஆள் மாறிவிட்டார், பேச்சு மாறிவிட்டது. விலை சரியாகவே இருந்தது. அடியில் பூமி நகர்ந்துவிட்டது.

கூலியோடு லீவு

கடைசியாக, "ஒரு நாள் கூலியை விடணும்" என்றாரே, அதற்கு வருகிறேன். அந்தப் பிள்ளை சொன்னதில் என் மனத்தைத் தைத்தது இதுதான்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135-பி என்று ஒரு பிரிவு உண்டு. 1996-ல் சேர்த்தார்கள். வியாபாரம், தொழில், ஆலை, வேறெந்த ஸ்தாபனமானாலும், அதில் வேலை செய்கிற வோட்டருக்கு, சட்டசபைக்கோ பார்லிமெண்டுக்கோ வோட்டுப் போடும் நாளில் லீவு கொடுக்க வேண்டும். அந்த நாளுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. தினக்கூலிக்காரனுக்கும் அன்றைய கூலி உண்டு. மீறுகிற முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. வேலையை விட்டால் அபாயமோ பெரிய நஷ்டமோ வரும் என்ற இடத்துக்கு மட்டும் விலக்கு.

இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டு நம்மை ஷிப்டுக்கு வரச் சொல்கிறவர்கள் உண்டு. "காண்டிராக்ட் ஆளுக்கு ஏது லீவு?" என்கிறவர்களும் உண்டு. 500 ரூபாய் அபராதம் அவர்களுக்கு ஒரு பொருட்டா? ஆகவே கேட்டு வாங்க வேண்டியது நாம். தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்திலேயே, ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு காண்டிராக்டரிடமும், சங்கத்தின் பேரில் எழுத்தில் கேளுங்கள். கையெழுத்து வாங்குங்கள். சங்கம் இல்லாத இடத்தில் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். வயலில் வேலை செய்யும் தோழர்களும் நடவு, அறுப்பு என்று பாராமல் முன்கூட்டிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த இளந்தோழருக்கு டீக்கடையில் நான் சொன்னது மூன்றே விஷயம். ஒன்று, போன அரை மாசக் கூலி போனதுதான். அதைத் தேடிப் போனால் மீதி அரை மாசமும் போகும். இரண்டு, வீட்டில் மறைக்காமல் சொல். மறைத்த கடன்தான் வட்டியோடு வளரும். மூன்று, அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும் கூலியோடு லீவு வாங்கிப் போய் வோட்டுப் போடு. யாருக்கு என்பது உன் இஷ்டம்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "லீவுக்கு எழுதிக் கேட்டா காண்டிராக்டர் என்னை நிறுத்திட்டான்னா?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி இதுதான். தனியாகக் கேட்டால் நிறுத்துவான். அதற்காகத்தான் சங்கம்.

1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்த நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரன் ராஜ்யம், வெள்ளைக்காரன் ஆலை. அன்றைக்கு யாராவது சீட்டு விற்றிருந்தால் தொழிலாளி பக்கத்துச் சீட்டு என்ன விலைக்குப் போயிருக்கும்? நாலு ரூபாய்கூடப் போயிருக்காது. அவர்கள் விலை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள்.

அந்தப் பிள்ளை இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். கூட்டம் முடிந்ததும், லீவு மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று போய்ப் பாருங்கள்.